கருங்காய்ச்சலில் ரத்தமும் எலும்பு மஜ்ஜையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வீங்கித் தட்டுப்படும் மண்ணீரல், ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் மூன்றும் குறைவு. இப்படி ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரத்தப் புற்றுநோய் பயம்தான். டாக்டர்களும் அந்தத் திசையில் யோசிப்பது நியாயமே. ஆனால் இதே படத்தைக் காட்டும் இன்னொரு நோய் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் முழுதாகக் குணப்படுத்தலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோய்விடும். பீகாரில் காலா அசார் என்பார்கள், நாம் கருங்காய்ச்சல் என்கிறோம். மஜ்ஜை ஸ்லைடு பார்ப்பது என் வேலை. நோயாளிகளின் வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கும், லேப் டெக்னீஷியன் மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் இங்கே சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கருங்காய்ச்சல் எதனால் வருகிறது? இது ரத்த நோயா?

லீஷ்மேனியா டோனோவனி என்ற ஒட்டுண்ணியால் வருகிறது. மணல் ஈ என்ற, கொசுவைவிடச் சின்னப் பூச்சி கடிக்கும்போது உடலுக்குள் நுழைகிறது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறும். இது அப்படியல்ல. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் இருக்கும் பெருவிழுங்கி செல்களுக்குள் புகுந்து, அழியாமல் அங்கேயே பெருகுகிறது. பெருவிழுங்கிகள் அதிகம் குவிந்திருக்கும் இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் இந்த மூன்றும் அடிபடுகின்றன. ரத்தத்தில் நாம் பார்ப்பது அந்த அடியின் விளைவை.

பூச்சி கடித்த உடனே நோய் வராது. பொதுவாக இரண்டு முதல் ஆறு மாதம் பிடிக்கும், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பதிலுக்கு இது தேவைப்படும்.

சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் என்னென்ன மாறும்?

முதலில் குறைவது பெரும்பாலும் ஹீமோகுளோபின். பலருக்கு 7 முதல் 10 கிராம் வரை இருக்கும், நாள்பட்டால் இன்னும் கீழே போகும். சிவப்பணுவின் அளவும் நிறமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் வருவதுபோல் சின்னதாக வெளிறிப்போய் இருக்காது. நம் ஊர்களில் இரும்புச்சத்துக் குறைவும் கொக்கிப்புழுவும் ஏற்கெனவே இருக்கலாம், அப்போது இரண்டும் கலந்து தெரியும்.

அடுத்து வெள்ளணு. 4,000க்குக் கீழே இறங்கும், 2,000 வாக்கில் வருவதும் உண்டு. அதிலும் அதிகம் குறைவது, பாக்டீரியாவோடு போராடும் வெள்ளணு வகையான நியூட்ரோபில். இதனால் இன்னொரு வெள்ளணு வகையான லிம்போசைட்டின் சதவீதம் ஏறியதுபோல் தெரியும். எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்த்தால் லிம்போசைட் உண்மையில் ஏறியிருக்காது.

என் அனுபவத்தில் யாரும் நின்று பார்க்காத வரி ஒன்று உண்டு, இயோசினோபில் என்ற வெள்ளணு வகை. ஒட்டுண்ணி என்றாலே இயோசினோபில் ஏறும் என்று படித்திருப்போம். அது புழுக்களுக்குப் பொருந்தும். கருங்காய்ச்சல் முற்றியவர்களுக்கு இயோசினோபில் மிகக் குறைந்து, பலருக்குப் பூஜ்யம் என்றே ரிப்போர்ட் வரும். டைபாய்டிலும் இது குறையும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் மாதக்கணக்கில் காய்ச்சல், பெரிய மண்ணீரல், இயோசினோபில் பூஜ்யம் மூன்றும் சேர்ந்தால் கருங்காய்ச்சலைக் கட்டாயம் நினைக்க வேண்டும்.

பிளேட்லெட் கடைசியாகக் குறையும். குறைந்தபின் மூக்கில், ஈறில் ரத்தம் கசிவது உண்டு.

மூன்றும் குறைந்தால் மஜ்ஜை வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த நோயில் வீட்டாரும் சில சமயம் இளம் டாக்டர்களும் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலானவர்களுக்கு மஜ்ஜை காலியாக இருக்காது. நிறைந்து, அளவுக்கு மேல் செல்களோடு இருக்கும். அங்கே உற்பத்தி நடக்கிறது, ரத்தத்தில் மட்டும் எண்ணிக்கை இல்லை. நடுவில் என்ன ஆகிறது?

பெரிய பங்கு மண்ணீரலுக்கு. இயல்பாகவே உடலின் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். அது தொப்புள்வரை வீங்கும்போது பெரும்பகுதியை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. சிவப்பணு, வெள்ளணுவையும் தடுத்து வைக்கிறது, ஆயுளுக்கு முன்பே அழிக்கிறது. மண்ணீரல் வீங்கினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். அதனால் நீர்த்துப்போய், ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

மஜ்ஜை நிறைந்திருந்தாலும் அதன் வேலை சரியாக நடப்பதில்லை. சிவப்பணுவின் தாய்ச்செல்கள் உருக்குலைந்து, முதிர்வதற்குள் அங்கேயே மடிகின்றன. இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கும், ஆனால் பெருவிழுங்கிகள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, சிவப்பணு செய்யத் தருவதில்லை. நீண்டகால அழற்சி எதுவானாலும் இது நடக்கும். மஜ்ஜை இரும்புக்குச் சாயம் போட்டால் பெருவிழுங்கிக்குள் நீலம் நிறைந்திருக்கும், சிவப்பணுவின் தாய்ச்செல்லில் ஏறக்குறைய இருக்காது.

மூன்றாவதாக, தூண்டிவிடப்பட்ட பெருவிழுங்கிகள் நல்ல அணுக்களையே விழுங்கத் தொடங்குவது. இதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் சிகிச்சை தவறிப்போவதற்கு இதுவே காரணமாகிறது.

மஜ்ஜை ஸ்லைடில் என்ன தெரியும்?

டெக்னீஷியன் மாணவர்கள் இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் தெரிவது செல்களின் நெருக்கம். சிவப்பணு வரிசை கூடியிருக்கும், அதில் சில பெரிதாக, விட்டமின் பி12 குறைவில் இருப்பதுபோல் தெரியும். அதைப் பார்த்ததும் பி12 குறைவு என்று எழுதி ஸ்லைடை மூடிவிடாதீர்கள். எதிர்ப்பொருள் செய்யும் பிளாஸ்மா செல்கள் வழக்கத்தைவிட அதிகம் இருக்கும்; ஒன்றிரண்டில் உருண்டை உருண்டையாகப் புரதம் அடைத்திருப்பதும் தெரியும். பெருவிழுங்கிகளும் கூடியிருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவுடன் எண்ணெய் லென்ஸுக்கு மாறிவிட வேண்டும்.

இனித் தேட வேண்டிய இடம் ஸ்மியரின் (ஸ்லைடில் மெல்லிதாக இழுத்த படலத்தின்) வால்பகுதியும் ஓரங்களும், மஜ்ஜைத் துணுக்குகளைச் சுற்றிய பகுதியும். பெருவிழுங்கிகள் பெரிய செல்கள், ஸ்மியர் இழுக்கும்போது அங்கேதான் ஒதுங்கும். அதன் உள்ளே வட்டமாகவோ முட்டை வடிவிலோ 2 முதல் 4 மைக்ரான் அளவில் சின்ன உருவங்கள் தெரியும். ஒரு சிவப்பணுவின் பாதி அகலம்தான். வெளிர்நீல உடல், அதில் செந்நீல நிறத்தில் ஒரு உருண்டை உட்கரு, அதற்குப் பக்கத்தில் இன்னும் அழுத்தமான நிறத்தில் ஒரு சிறு கோடு. அந்தக் கோடுதான் கைனெட்டோபிளாஸ்ட், உட்கருவுக்கு வெளியே இந்த ஒட்டுண்ணி வைத்திருக்கும் டிஎன்ஏ தொகுப்பு. உருண்டையும் கோடும் ஒரே உடலில் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே எல்டி உடல் (லீஷ்மன்-டோனோவன் உடல், அதாவது ஸ்லைடில் தெரியும் ஒட்டுண்ணி) என்று சொல்லலாம். ஒரு பெருவிழுங்கிக்குள் இரண்டு மூன்றும் இருக்கும், பிதுங்கும் அளவுக்கு நிறைந்தும் இருக்கும். ஸ்மியர் போடும்போது செல் உடைந்தால் இவை வெளியே சிதறிக் கிடக்கும்.

ஏமாற்றும் உருவங்கள் இரண்டு. செல்மேல் படிந்த பிளேட்லெட் தூரத்திலிருந்து அப்படியே இருக்கும், உட்கருவும் கோடும் தனித்தனியாகத் தெரியாது. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் பெருவிழுங்கிக்குள்தான் இருக்கும், அளவும் ஏறக்குறைய அதே. ஆனால் அதைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும், கோடு இருக்காது, பூஞ்சைக்கான பிஏஎஸ் சாயம் ஏறும்.

நாம் தினமும் ரத்த ஸ்மியருக்குப் போடுகிற லீஷ்மன் சாயமே இதற்குப் போதும். அந்தச் சாயத்தை உருவாக்கிய வில்லியம் லீஷ்மன்தான் இந்த ஒட்டுண்ணியைப் பற்றி 1903 மே மாதம் எழுதியவர். கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம்மில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவர் பார்த்தது அது.

மஜ்ஜையில் ஒட்டுண்ணி இல்லை என்று வந்துவிட்டது. நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மஜ்ஜையில் 53 முதல் 86 சதவீதம் பேருக்குத்தான் ஒட்டுண்ணி கண்ணில் படும். மண்ணீரல் ஊசியில் இது 93 முதல் 99 சதவீதம். ஆகவே மஜ்ஜையில் தெரியவில்லை என்றால் அந்த ஸ்லைடுகளில் தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். பார்ப்பவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதும் இதில் அடக்கம். மைக்ராஸ்கோப்பில் ஆயிரம் களங்கள் (ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு களம்) பார்த்தும் ஒன்றிரண்டே கிடைக்கும் நோயாளிகள் உண்டு. ஒட்டுண்ணி அடர்த்தியைத் தரம் பிரிக்கும் அளவுகோலில் முதல் படியே ஆயிரம் களத்துக்கு 1 முதல் 10 என்பதுதான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "எல்டி உடல் இல்லை" என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். சந்தேகம் வலுவாக இருந்தால் இன்னும் சில ஸ்லைடு சாயம் போட்டுப் பாருங்கள், மஜ்ஜையின் ஒரு பங்கை, ஒட்டுண்ணியை வளர்க்கும் என்என்என் ஊடகத்தில் வளர்க்கவோ அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கோ அனுப்புங்கள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் மண்ணீரலிலேயே ஊசி போடலாமே?

மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. ஊசி குத்தினால் ஆயிரத்தில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம். பிளேட்லெட் 40,000க்குக் கீழே இருந்தாலோ, ரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்தாலோ செய்யவே கூடாது. கை தேர்ந்தவர்கள் உள்ள, ரத்தம் ஏற்ற வசதியுள்ள மையங்களில் மட்டுமே இன்றும் செய்கிறார்கள். மஜ்ஜை ஊசிக்கு அந்த அபாயம் இல்லை, பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் குத்திய இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும்.

இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. லீஷ்மனின் கட்டுரை வந்த அதே 1903இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இருந்த சார்லஸ் டோனோவன், இறந்தவர்களின் மண்ணீரலில் பார்த்த உருவங்களை உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார். இறந்தபின் ஏற்படும் சிதைவு அல்ல, நோய்க்கிருமியேதான் என்று அதனால் உறுதியானது. இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ். எல்டி உடல் என்பதில் உள்ள டி, சென்னையில் வேலை செய்த அந்த மனிதர்தான்.

விரல்நுனி ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஆமாம், ஆர்கே-39 ஸ்ட்ரிப் சோதனை. ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் கால் மணி நேரத்துக்குள் காட்டிவிடும். பீகார் கிராமங்களில் மஜ்ஜையும் மண்ணீரலும் குத்தாமலே ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றது இதனால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ஸ்ட்ரிப் பாசிட்டிவ் என்றால் முதல் முறை வந்தவருக்கு அதுவே போதும்.

குறை இரண்டு. குணமாகி வருடங்கள் ஆனாலும் பாசிட்டிவாகவே இருக்கும், அதனால் நோய் திரும்பியதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, குறிப்பாக எச்ஐவி உள்ளவர்களுக்கு, நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம்.

மஜ்ஜை எடுப்பது முதுகுத்தண்டில் போடும் ஊசியா? கால் விளங்காமல் போகுமா?

போகாது. முதுகுத்தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இடுப்பின் பின்பக்கம், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பில் எடுப்பார்கள். தோலையும் எலும்பின் மேல்பரப்பையும் மரத்துப்போகச் செய்த பின்தான் ஊசி இறங்கும். மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடி மட்டும் சுருக்கென்று இழுக்கும் வலி ஒன்று வரும், அதை மரப்பு மருந்தால் முழுதாகத் தடுக்க முடியாது. முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்வார்.

ஈஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்) நூறைத் தாண்டுகிறது, குளோபுலின் என்ற ரத்தப் புரதம் எகிறிவிட்டது. இது ஏன்?

ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்த உதவாத எதிர்ப்பொருள்களை உடல் ஏராளமாக உற்பத்தி செய்கிறது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல் கூடுவதும் இதற்காகத்தான். அந்தப் புரதத்தால் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும், ஈஎஸ்ஆர் ஏறும், ஆல்புமின் குறையும். பிளாஸ்மா செல் கூடினால், அந்தச் செல்லின் புற்றுநோயான மைலோமாவா என்ற கேள்வி வரும். இங்கே ஏறுவது பலவகை எதிர்ப்பொருள், புரதப் பிரிப்புச் சோதனையில் ஒற்றைக் கூர்முனை வராது.

எச்எல்எச் என்று சொல்லி ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போகிறார்களாம். சரியா?

எச்எல்எச் என்பது பெருவிழுங்கிகள் கட்டுப்பாடு இழந்து சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை. காய்ச்சல், பெரிய மண்ணீரல், குறைந்த அணுக்கள், ஆயிரக்கணக்கில் ஏறிய ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), ஏறிய டிரைகிளிசரைடு ஆகியவை அதன் அடையாளம். குழந்தைகளுக்குப் பரம்பரையாகவும் வரலாம், தொற்றாலும் வரலாம். அப்படித் தூண்டும் தொற்றுகளில் கருங்காய்ச்சலும் ஒன்று.

ஸ்டீராய்டும் எட்டோபோசைடு போன்ற புற்றுநோய் மருந்தும் கொடுத்தால் காய்ச்சல் தற்காலிகமாகத் தணியும், ஒட்டுண்ணி உள்ளே தடையின்றிப் பெருகும். கருங்காய்ச்சல்தான் காரணம் என்று தெரிந்து அதற்கான மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் எச்எல்எச்சும் சேர்ந்தே அடங்கிவிடும். ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: "மஜ்ஜையில் எல்டி உடல் தேடினீர்களா? ஆர்கே-39 பார்த்தீர்களா?" இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நிலைமை மோசமாக இருந்தால் அவர்கள் இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டிவரலாம், அது அவர்கள் முடிவு. மஜ்ஜையில் பெருவிழுங்கி அணுக்களை விழுங்கியிருப்பதைப் பார்த்த பேத்தாலஜிஸ்ட், அதே பெருவிழுங்கிக்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எச்ஐவி இருந்தால் என்ன வித்தியாசம்?

ஒட்டுண்ணி ஏராளமாக இருக்கும். சாதாரண ரத்த ஸ்மியரிலேயே தெரியும் அளவுக்குப் போகலாம், குடலிலும் தோலிலும்கூட இருக்கும். சிகிச்சை நீளும், நோய் திரும்பவும் வரும். கருங்காய்ச்சல் உறுதியான எல்லோருக்கும் எச்ஐவி சோதனை செய்தே ஆக வேண்டும்.

ஹீமோகுளோபின் ஏற இரும்பு மாத்திரையும், பிளேட்லெட் ஏறப் பப்பாளி இலைச்சாறும் தரலாமா?

நம் வீடுகளில் பிளேட்லெட் என்றதுமே பப்பாளி இலைக்கு ஓடுவது டெங்கு கற்றுக்கொடுத்த பழக்கம். டெங்குவில் பிளேட்லெட் ஒரு வாரத்தில் தானாகவே ஏறும். இங்கே ஒட்டுண்ணி போகாமல் ஏறாது. இலைச்சாறு குடித்துக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நோயாளிக்கு நஷ்டம். இரும்பும் அப்படித்தான்: சத்து உள்ளே இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. உண்மையாகவே இரும்புக் குறைவு இருந்தால் சிகிச்சைக்குப்பின் டாக்டர் தருவார். சாப்பாடு மிக முக்கியம், மெலிந்துபோனவர்கள் மீள்வது கடினம். முட்டை, பருப்பு, பால் எது முடியுமோ அது.

ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து மூச்சு வாங்கினால், ரத்தம் கசிந்தால், ரத்தம் ஏற்றுவார்கள். நியூட்ரோபில் குறைந்திருப்பதால் நிமோனியா, காசநோய், வயிற்றுப்போக்கு சேர்ந்துகொள்ளும். சிகிச்சை இல்லாதவர்களை முடிவில் சாய்ப்பது பலமுறை இவைதான்.

என்ன மருந்து? எண்கள் எப்போது ஏறும்?

2014 முதல் இந்தியாவில் முதல் தேர்வு லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி, உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே தடவை, நரம்பு வழியாக. 2010இல் வெளியான பீகார் ஆய்வில் இந்த ஒற்றைத் தவணையே ஆறு மாத முடிவில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைக் குணமாக்கியது. 28 நாள் விழுங்கும் மில்டெஃபோசின், ஊசியாகப் போடும் பாரமோமைசின் ஆகியவையும் உண்டு. மில்டெஃபோசின் கருவைப் பாதிக்கும், கர்ப்பிணிக்குத் தரக் கூடாது.

காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் விடும். பசி திரும்புவது வீட்டாருக்கு முதலில் தெரியும். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சில வாரத்தில் ஏறத் தொடங்கும், இயோசினோபில் மீண்டும் தலைகாட்டும். ஹீமோகுளோபின் நிதானமாக ஏறும், மண்ணீரல் சுருங்க மாதங்கள் ஆகும். பத்தாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நன்றாகத் தேறுபவருக்கு மஜ்ஜையை மறுபடி குத்தத் தேவையில்லை. ஆறாவது மாதம் கட்டாயம் காட்ட வேண்டும்.

குணமான பிறகு தோலில் வெளிர் திட்டுகள் வந்தன. ரத்தம் சரியாகத்தானே இருக்கிறது?

ரத்தமும் மஜ்ஜையும் இயல்பாக இருந்தும் தோலில் மட்டும் ஒட்டுண்ணி தங்கும் நிலை இது. 1922இல் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி விவரித்தார். மாதங்கள் முதல் வருடங்கள் கழித்துக்கூட வரும். தொழுநோய்த் திட்டு என்று நினைத்துவிடுவார்கள். நோயாளிக்குப் பெரிய தொந்தரவு இருக்காது, ஆனால் அந்தத் தோலைக் கடிக்கும் மணல் ஈ நோயை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அதனால் சிகிச்சை அவசியம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதை நினைக்க வேண்டுமா?

இன்று இந்தியாவில் இது பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளின் நோய். அங்கும் மிகக் குறைந்துவிட்டது. பங்களாதேஷ் 2023இல் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. குறையக் குறைய இன்னொரு சிக்கல் வருகிறது: இதை ஸ்லைடில் பார்த்த கண்கள் குறைகின்றன.

திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வேலை செய்யும் பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பூச்சிக்கடியை ஊரில் வாங்கிக்கொண்டு, காய்ச்சலை இங்கே வந்து காணலாம். முன்னே சொன்ன மாதக்கணக்கான இடைவெளி இதற்குத்தான். "எந்த ஊர்? கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள்?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் எந்த மஜ்ஜையையும் லேபுக்கு அனுப்பாதீர்கள். இலங்கையில் அதே இன ஒட்டுண்ணி பெரும்பாலும் தோல் புண்ணை மட்டுமே உண்டாக்குகிறது, அவர்களுக்கு ரத்தமும் மஜ்ஜையும் மாறாது.

மஜ்ஜை அனுப்பும் படிவத்தில் என்ன எழுதினால் லேபுக்கு உதவும்?

"மூன்று அணுக்களும் குறைவு" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அதற்குக் காரணமாகக்கூடிய எல்லாவற்றையும் நாங்கள் யூகித்துத் தேட வேண்டியிருக்கும். காய்ச்சல் எத்தனை வாரம், மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர், சொந்த மாவட்டம், எச்ஐவி முடிவு, ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டதுண்டா, இவ்வளவும் எழுதுங்கள். "எல்டி உடல் தேடவும்" என்று ஒரு வரி சேர்த்தால் எண்ணெய் லென்ஸில் ஓரங்களைப் பார்க்க ஒருவர் கூடுதலாக அரைமணி உட்காருவார். சாயம் போடாத ஸ்லைடு இரண்டு மூன்றையும் தனியாக எடுத்து வையுங்கள்.